எனக்க லேப்டாப்புல தெரியுது, அவங்களுக்குத் தெரியல: போர்ட்ஃபோலியோ தளக் கோளாறுகளும் தீர்வும்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மாலை வகுப்பு எடுக்கிறேன். அருமனை, கருங்கல், குலசேகரம், தக்கலை பக்கமிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். இறுதியாண்டு தொடங்கியதும், தாங்கள் செய்த வேலைகளை ஒரே இடத்தில் காட்ட ஓர் இணையதளம் வேண்டும் என்று கேட்பார்கள். தளம் கட்டச் சொல்லித்தரும் வீடியோக்கள் நிறையவே இருக்கின்றன. ஆனால் விண்ணப்பத்தின் கடைசி நாள் இரவு பத்து மணிக்கு, "அக்கா, எனக்க லேப்டாப்புல நல்லா தெரியுது, கம்பெனிக்காரங்களுக்குத் திறக்கலியாம்" என்று பதறும் பிள்ளைக்கு அந்த வீடியோக்கள் உதவுவதில்லை. இதை அந்த இரவுக்காக எழுதுகிறேன்.

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலோ சென்னையிலோ பெங்களூரிலோ தெரிந்தவர் யாரும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, அந்த ஒரு லிங்க்தான் சிபாரிசு. அது திறக்காமல் போனால் எனக்கு மனசு கேட்காது.

எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர், கோடைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளம் தரும் கிட்ஹப் பேஜஸ் என்ற வசதியைப் பயன்படுத்துகிறார்கள். கலைப் பிரிவினர் சிலர், கோடு எழுதாமலே தளம் கட்டும் கூகுள் சைட்ஸ். இரண்டுமே இலவசம், இரண்டுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு சோதனை. லிங்க்கை வீட்டில் வேறொருவரின் போனுக்கு அனுப்பி, வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் திறக்கச் சொல்லுங்கள். வேறு போன் இல்லையென்றால் உங்கள் பிரவுசரிலேயே இன்காக்னிட்டோ விண்டோவில் திறங்கள். அங்கே தெரிவதுதான் உங்கள் தளம். உங்கள் லேப்டாப்பில் தெரிவது, உங்கள் கணக்கு உள்ளே நுழைந்திருக்கும் நிலையில், பழைய பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் பிரவுசர் காட்டும் காட்சி.

லிங்க்கைத் தொட்டால் பக்கமே வரவில்லை

முகவரிப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் வாசியுங்கள். அது 'ஃபைல்' என்ற சொல்லில் தொடங்கினாலோ, நடுவில் சி டிரைவ் தெரிந்தாலோ, நீங்கள் பார்ப்பது உங்கள் கணினியில் கிடக்கும் ஃபைல். 127.0.0.1 என்றோ லோக்கல்ஹோஸ்ட் என்றோ இருந்தால், தளம் உங்கள் கணினிக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. போன வருடம் ஒரு பையன் இப்படிப்பட்ட முகவரியை ஆறு நிறுவனங்களுக்கு அனுப்பிவிட்டான். ஆறு பேருக்கும் வெற்றுப் பிழைச் செய்திதான் போயிருக்கும். கிட்ஹப்பில் கட்டியவர்கள் வெளியே அனுப்ப வேண்டியது கிட்ஹப் டாட் ஐஓ என்பது உள்ள முகவரியை.

404 (பக்கம் கிடைக்கவில்லை) என்று வருகிறது

கிட்ஹப்பில் இதற்கான காரணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நான் பார்க்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

இப்போதுதான் பதிவேற்றினீர்கள் என்றால் பத்து நிமிடம் பொறுங்கள். அதுவரை எதையும் அழிக்காதீர்கள், மாற்றாதீர்கள். பதற்றத்தில் நல்ல ஃபைலையும் அழித்துவிட்டு வருபவர்கள் உண்டு.

பிறகு ரிப்போசிட்டரியின் (கிட்ஹப்பில் உங்கள் தளத்தின் ஃபைல்கள் இருக்கும் இடம்) செட்டிங்ஸில் பேஜஸ் பகுதியைத் திறங்கள். எந்தக் கிளையிலிருந்து (பிராஞ்ச்) வெளியிட வேண்டும் என்ற இடம் 'நன்' என்று இருந்தால், 'மெயின்' என்று மாற்றி, ஃபோல்டரை ரூட் என்று வைத்துச் சேமியுங்கள். இலவசக் கணக்கில் ரிப்போசிட்டரி பப்ளிக்காக இருந்தால்தான் பேஜஸ் வேலை செய்யும்.

அடுத்து முதல் பக்கத்தின் பெயர். 'இன்டெக்ஸ்', பிறகு புள்ளி, பிறகு 'எச்டிஎம்எல்'. எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும். ஹோம் என்றோ, முதலெழுத்தைப் பெரிதாக்கியோ வைத்தால் சர்வர் அதை முதல் பக்கமாக எடுத்துக்கொள்ளாது. நோட்பேடில் எழுதியவர்களுக்கு இன்னொரு சிக்கல். விண்டோஸ் ஃபைலின் வால்பெயரை மறைத்து வைப்பதால், உங்கள் ஃபைல் உண்மையில் எச்டிஎம்எல்லுக்குப் பிறகு இன்னொரு 'டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொண்டு இருக்கலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் வால்பெயரைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

பெயரும் சரியென்றால், அந்த ஃபைல் எங்கே இருக்கிறது? ஜிப்பை விரித்துப் பதிவேற்றும்போது ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய்விடும். ரிப்போசிட்டரியைத் திறந்தவுடன் கண்ணில் படும் இடத்தில் அது இருக்க வேண்டும்.

கடைசியாக முகவரி. ரிப்போசிட்டரிக்கு உங்கள் பயனர் பெயரோடு கிட்ஹப் டாட் ஐஓ சேர்த்துப் பெயர் வைத்திருந்தால் அதுவே முகவரி. வேறு பெயர் வைத்திருந்தால், முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு அந்தப் பெயரையும் சேர்க்க வேண்டும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

மாற்றம் செய்தேன், பழையதே தெரிகிறது

கண்ட்ரோலும் எஃப்5ம் சேர்த்து அழுத்துங்கள். போனில் இன்காக்னிட்டோ. பத்து நிமிடம் கழித்தும் பழையதென்றால், பெரும்பாலும் நீங்கள் கணினியில் சேமித்தீர்கள், கிட்ஹப்புக்கு அனுப்பவில்லை. ரிப்போசிட்டரியில் அந்த ஃபைலுக்கு நேரே கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

படங்கள் வரவில்லை

என்னிடம் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இதுதான். படம் வராத இடத்தில் ரைட் கிளிக் செய்து, படத்தைப் புதிய டேபில் திறக்கச் சொல்லுங்கள். திறக்காது. ஆனால் மேலே அதன் முகவரி தெரியும். அந்த முகவரியை எழுத்தெழுத்தாக வாசித்தால் காரணம் அதிலேயே இருக்கும்.

முகவரியில் உங்கள் கணினியின் டிரைவ் பெயர், யூசர்ஸ், டெஸ்க்டாப் என்றெல்லாம் இருந்தால், படத்தின் வழியை உங்கள் கணினிக்கு மட்டும் புரியும்படி எழுதியிருக்கிறீர்கள். படங்களை ரிப்போசிட்டரிக்குள் 'இமேஜஸ்' என்ற ஃபோல்டரில் வைத்து, அந்த ஃபோல்டர் பெயரிலிருந்து வழியைத் தொடங்குங்கள். விண்டோஸ் பழக்கத்தில் இடப்பக்கம் சாயும் கோடு விழுந்துவிடும். இணையத்தில் வலப்பக்கம் சாயும் கோடுதான்.

வழி சரியாக இருந்தும் படம் வரவில்லையென்றால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. கிட்ஹப்பின் சர்வருக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள். கேமராவிலிருந்து வரும் படங்களின் வால்பெயர் பெரும்பாலும் பெரிய எழுத்தில் 'ஜேபிஜி' என்று இருக்கும், நீங்கள் கோடில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள். உங்கள் லேப்டாப்பில் தெரிந்து வெளியே தெரியாமல் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. இதைத் திருத்தும்போதும் ஒரு வழுக்கல் உண்டு. எழுத்தின் அளவை மட்டும் மாற்றி அனுப்பினால், விண்டோஸில் ஓடும் கிட் (ஃபைல்களைக் கிட்ஹப்புக்கு அனுப்பும் மென்பொருள்) அதை மாற்றமாகவே எண்ணாது. திருத்தியும் சரியாகவில்லையே என்று அழுத பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். படத்துக்கு முற்றிலும் வேறு பெயர் வையுங்கள்: சிறிய எழுத்து, இடைவெளி இல்லாமல், சொற்களுக்கு நடுவே ஒரு சிறுகோடு.

ஐபோனில் எடுத்த படமாக இருந்தால் 'ஹெச்இஐசி' வகையாக இருக்கலாம். குரோம் அதைக் காட்டாது. கேமரா செட்டிங்ஸில் ஃபார்மட்ஸ் பகுதியில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று வைத்தால் இனி எடுப்பவை ஜேபெக்காக வரும். பழையவற்றை மாற்றிக்கொள்ளுங்கள். வால்பெயரை மட்டும் மாற்றி எழுதினால் படம் மாறாது.

படம் வருகிறது, ஆனால் விடிந்துவிடுகிறது

முட்டம், குளச்சல் கடற்கரைகளில் எடுத்த 12 படங்களை ஒரு விஸ்காம் மாணவி போனிலிருந்து அப்படியே ஏற்றியிருந்தாள். வலை இழுக்கும் கைகளும் அதிகாலை ஏலமுமாக அருமையான படங்கள். ஒவ்வொன்றும் 4 எம்பி. மொத்தம் 48 எம்பி. நொடிக்கு 4 மெகாபிட் வேகம் கிடைக்கும் போனில் அது முழுவதும் இறங்க ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. அகலத்தை 4000 பிக்சலிலிருந்து 1600க்குக் குறைத்து, ஸ்குவூஷ் என்ற இலவசத் தளத்தில் சுருக்கினோம். ஒவ்வொன்றும் 200 கேபி அளவுக்கு வந்தது. மொத்தம் 2.4 எம்பி, அதே போனில் ஐந்து நொடி. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

இப்படிச் சுருக்கும்போது இன்னொரு நன்மையும் உண்டு. போன் படத்துக்குள் எடுத்த இடத்தின் லொகேஷனும் பதிந்திருக்கும். வீட்டில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் வீட்டு இருப்பிடமும் சேர்ந்து போகும். ஸ்குவூஷ் அதை நீக்கிவிடுகிறது. பெண்பிள்ளைகளிடம் இதை நான் ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது

உடைவதில் நான்கு விதம் இருக்கிறது, நான்குக்கும் மருந்து வேறு. எப்படி உடைந்திருக்கிறது என்று உற்றுப் பாருங்கள்.

'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று வந்தால், அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. டிடிபி கடையில் அடித்து வாங்கிய கட்டுரைகளில் இது அதிகம். பாமினி இருக்கும் கணினியில் மட்டும் அது தமிழாகத் தெரியும், உண்மையில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். கூகுளும் அதைத் தமிழாகப் படிக்காது. பாமினியிலிருந்து, எல்லாக் கருவிகளும் தமிழாகவே படிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை முழுவதும் வாசியுங்கள், ஒற்றும் கொம்பும் சில இடங்களில் இடம் மாறியிருக்கும்.

உச்சிக்கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று விநோதக் குறிகள் திரும்பத் திரும்ப வந்தால், உங்கள் எழுத்து யூனிகோடில் நன்றாகவே இருக்கிறது, பக்கம் அதைத் தவறாக வாசிக்கிறது. பக்கத்தின் கோடில் மேலே இருக்கும் ஹெட் பகுதியின் முதல் வரியாக 'மெட்டா சார்செட் யுடிஎஃப்-8' என்ற வரியைச் சேர்த்தால் போதும்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால் வருத்தமான செய்தி. ஃபைலைச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8க்குப் பதிலாக 'ஆன்சி' என்று சேமித்துவிட்டீர்கள், எழுத்து அப்போதே அழிந்துவிட்டது. மூலப் பிரதியிலிருந்து மறுபடி ஒட்டி, என்கோடிங்கை யுடிஎஃப்-8 ஆக்கிச் சேமிக்க வேண்டும்.

கட்டம் கட்டமாக வந்தால் அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து நோட்டோ சான்ஸ் தமிழை இணைத்துவிடுங்கள். கூடவே வரி இடைவெளியை 1.6 அளவுக்கு வையுங்கள். நம் எழுத்தில் மேலும் கீழும் சுழிகள் அதிகம், ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியில் மூச்சுவிட முடியாமல் நெருக்கும்.

தமிழ் இலக்கியம் படிக்கும் பிள்ளைகள்கூட தளத்தை ஆங்கிலத்தில் மட்டும் வைக்கிறார்கள். மொழிபெயர்ப்பும் எழுத்தும்தான் உங்கள் தொழில் என்றால் ஒரு தமிழ்ப் பக்கம் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் தமிழைப் பார்த்துத்தான் அந்த வேலையைத் தருவார்கள்.

போனில் எல்லாம் எறும்பு அளவில் தெரிகிறது

ஹெட் பகுதியில் வியூபோர்ட் வரி இல்லை. அகலத்தைக் கருவியின் அகலமாகவும் ஆரம்ப அளவை 1 ஆகவும் வைக்கும் அந்த ஒற்றை வரியைச் சேர்த்ததும் சரியாகிவிடும். பக்கம் இடவலமாக நழுவினால், ஏதோ ஒரு படத்துக்கோ அட்டவணைக்கோ 1200 பிக்சல் என்று நிலையான அகலம் கொடுத்திருப்பீர்கள். படங்களுக்கு அதிகபட்ச அகலம் 100 சதவீதம் என்று எழுதுங்கள்.

வெள்ளைப் பக்கம் மட்டும் வருகிறது

ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியில் கட்டிய பொறியியல் பிள்ளைகளுக்கு இது. வீட் (Vite) என்ற பில்டு கருவியைப் பயன்படுத்தினால் அதன் கான்ஃபிக் ஃபைலில் 'பேஸ்' என்ற இடத்தில் இரு சாய்கோடுகளுக்கு நடுவே ரிப்போசிட்டரியின் பெயரைக் கொடுங்கள். மூலக் கோடை ஏற்றாமல், பில்டு செய்து வரும் 'டிஸ்ட்' ஃபோல்டரை வெளியிடுங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்று விட்டுப்போயிருக்கும்.

'அனுமதி கேளுங்கள்' என்று வருகிறது

கூகுள் சைட்ஸ். தளத்தைப் 'பப்ளிஷ்' செய்திருந்தாலும், யார் பார்க்கலாம் என்பது தனி அமைப்பு. ஷேர் பொத்தானைத் தொட்டு, வெளியான தளத்தை யாரும் பார்க்கலாம் என்று வையுங்கள். கல்லூரி தந்த மெயிலில் கட்டியிருந்தால், கல்லூரிக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் என்று நிர்வாகம் பூட்டியிருக்கலாம். அப்போது உங்கள் சொந்த ஜிமெயிலில் மறுபடி கட்டுவதே வழி. தளம் திறந்து அதிலுள்ள ரெஸ்யூமே மட்டும் அனுமதி கேட்டால், டிரைவில் அந்த ஃபைலை லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம் என்று தனியாக மாற்ற வேண்டும்.

தொடர்புப் படிவத்தில் அனுப்பிய செய்தி வந்து சேரவில்லை

கிட்ஹப் பேஜஸ் பக்கங்களைக் காட்டும், செய்தியை வாங்கி வைக்காது. ஃபார்ம்ஸ்பிரீ மாதிரி ஒரு சேவையை இணைக்க வேண்டும். என்னைக் கேட்டால் படிவமே வேண்டாம். மெயில் முகவரியை எழுத்தாகவே போடுங்கள், அவர்களே எடுத்து எழுதுவார்கள். போன் நம்பர் ரெஸ்யூமேயில் இருந்தால் போதும், தளத்தில் வேண்டாம். ஆதார், மதிப்பெண் பட்டியல், அப்பாவின் கையெழுத்து உள்ள சான்றிதழ் இவற்றின் ஸ்கேனை ஏற்றியவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள். பப்ளிக் ரிப்போசிட்டரியில் ஃபைலை அழித்தாலும் அதன் பழைய பிரதி வரலாற்றில் கிடக்கும், ஆகவே ரிப்போசிட்டரியையே அழித்துப் புதிதாகத் தொடங்குவது நல்லது. ஏபிஐ கீ (வேறொரு சேவையைப் பயன்படுத்த உங்களுக்குத் தரும் ரகசியக் குறியீடு) எதையாவது கோடோடு ஏற்றியிருந்தால், அந்தச் சேவையின் பக்கத்தில் அந்தக் கீயை ரத்து செய்த பிறகுதான் மற்ற வேலை.

கூகுளில் என் பெயரைத் தேடினால் வரவில்லை

புதுத் தளம் கூகுளில் ஏற நாட்கள் ஆகும், சில சமயம் வாரங்கள். கூகுளின் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து, முதல் பக்கத்தைத் தேடல் பட்டியலில் சேர்க்க (இன்டெக்ஸ் செய்ய) கேளுங்கள். பெயர்ச் சிக்கலும் இருக்கிறது. அஜின், ஜெபின், அபிஷா என்று எங்கள் மாவட்டத்தில் ஒரு வகுப்புக்கே இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். பக்கத்தின் டைட்டிலில் பெயரோடு துறையையும் ஊரையும் சேருங்கள்: 'அபிஷா, தாவரவியல், நாகர்கோவில்' என்பதுபோல. இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா, ஆங்கில எழுத்துக்கூட்டு எது என்பதை முடிவு செய்து, ரெஸ்யூமே, லிங்க்ட்இன், தளம் மூன்றிலும் ஒன்றாகவே வையுங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது, யாரும் கூப்பிடவில்லை

இந்தக் கோளாறுக்கு எந்தப் பிழைச் செய்தியும் வராது. அதனால் இதில்தான் நான் அதிக நேரம் உட்காருகிறேன்.

பெரும்பாலான தளங்களின் முதல் பக்கத்தில் 'கடின உழைப்பாளி, விரைவாகக் கற்பவன்' என்று ஒரு பத்தி. கீழே, சி மொழி 90 சதவீதம், போட்டோஷாப் 85 சதவீதம் என்று வண்ணப் பட்டைகள். யார் அளந்த சதவீதம்? அதை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் நீங்கள் செய்த மூன்று வேலைகளை வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் சொல்ல வேண்டியது: என்ன தேவைக்காகச் செய்தீர்கள், உங்கள் கையால் செய்தது எது, எங்கே தடுக்கியது, கடைசியில் என்ன கிடைத்தது. நான்கு பேர் சேர்ந்து செய்த புராஜெக்ட் என்றால் உங்கள் பங்கு எது என்று தெளிவாக எழுதுங்கள். நேர்முகத்தில் அதைத்தான் தோண்டுவார்கள்.

ஒரு சிவில் மாணவன் மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பற்றி ஒரு பக்கம் வைத்திருந்தான். இணையத்தில் எடுத்த ஒரு படம், 1966இல் கட்டியது, 115 அடி உயரம், பரளியாற்றின் மேல் தண்ணீரைக் கடத்துகிறது என்று இரண்டு பத்தி. "மக்ளே, இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. நீ அங்க போய் என்ன பண்ணின?" என்று கேட்டேன். தயங்கியபடி பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தான். தூண்களையும் மேலே ஓடும் தொட்டியின் குறுக்குவெட்டையும் கையால் வரைந்து, ஓரத்தில் கணக்குப் போட்டிருந்தான். "இது ரஃப் நோட்டுக்கா, இத எப்படிப் போடுவது?" அந்த நோட்டின் பக்கங்களைத்தான் போட்டோம். இன்று அவன் தளத்தில் முதலில் நிற்பது அதுதான்.

இப்படி எல்லோரிடமும் ஏதோ ஒன்று இருக்கிறது. சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. அங்கே வாரந்தோறும் பறவை எண்ணிய தாவரவியல் மாணவியின் அட்டவணை ஒரு வேலை. மட்டி வாழைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாமாவின் வாழைக்குலைக் கடைக்கு எக்செல்லில் கொள்முதல் கணக்கு போட்டுக்கொடுத்த பி.காம். மாணவனின் கணக்குத் தாள் ஒரு வேலை. ஆனால் மாமாவிடம் கேட்டு, உண்மையான தொகைகளை மாற்றிவிட்டுப் போடுங்கள். பத்மநாபபுரம் அரண்மனையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு மூன்று மொழியில் வழிகாட்டிக் குறிப்பு எழுதிய ஆங்கில இலக்கிய மாணவியும் இருக்கிறாள். அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை என்பதைக் குறிப்பிலேயே சரியாகச் சொல்லியிருந்தாள். அந்த ஒரு வரி அவள் விஷயம் தெரிந்து எழுதுகிறாள் என்று காட்டியது.

டெம்ப்ளேட்டை எடுத்துப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் அதிலிருந்த 'லோரம் இப்ஸம்' என்ற பொருளற்ற நிரப்புப் பத்தியும், வேறு யாரோ ஒருவரின் ட்விட்டர் லிங்க்கும் உங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறதா என்று அடிவரை இறங்கிப் பாருங்கள். ஒவ்வொரு லிங்க்கையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

கல்லூரி முடிந்தது, தளமும் போய்விட்டது

படிப்பு முடிந்த சில மாதங்களில் கல்லூரி மெயில் கணக்கை நிறுத்திவிடுவார்கள். கூகுள் சைட்ஸில் அந்த மெயிலில் கட்டியது அதோடு போகும். கிட்ஹப் கணக்கை அந்த மெயிலில் தொடங்கியிருந்தால், கணக்கு இருக்கும், ஆனால் பாஸ்வேர்டை மறந்தால் மீட்க வழியிருக்காது. மெயில் உயிரோடு இருக்கும்போதே செட்டிங்ஸில் சொந்த ஜிமெயிலைச் சேர்த்து, அதை முதன்மையாக்குங்கள். சொந்தமாக டாட் இன் பெயர் வாங்கியவர்கள் இரண்டாம் வருடப் புதுப்பிப்புக் கட்டணத்தை இப்போதே பாருங்கள். முதல் வருடச் சலுகை விலையைவிட அது அதிகமாக இருக்கும். கட்டத் தவறினால் அந்தப் பெயரை வேறொருவர் வாங்கிக்கொள்வார், உங்கள் பழைய ரெஸ்யூமேக்கள் எல்லாவற்றிலும் இருக்கும் லிங்க் அவரது பக்கத்துக்குப் போகும்.